வீட்டை நோய்க்குறிப்பாக எழுதாதீர்கள்

எழுத வரும் பிள்ளைகள் பலரும் முதலில் தங்கள் வீட்டைத்தான் எழுதுகிறார்கள். அது நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்த வீட்டில் நடக்க முடியாத அம்மாவோ, பார்வையில்லாத அப்பாவோ, குடியில் சிக்கிய யாரோ இருந்துவிட்டால், பேனா சட்டென்று வேறொருவர் கைக்குப் போய்விடுகிறது. அப்பா சாக்கடையோரம் விழுந்து கிடப்பார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். பிள்ளை தெருவிளக்கில் படித்து முன்னுக்கு வரும். ஜூன் 26, போதை ஒழிப்பு நாளுக்குப் பள்ளியில் நடத்தும் கட்டுரைப் போட்டியும் சினிமாவும் பட்டிமன்றமும் சேர்ந்து பழக்கிவிட்ட அச்சு இது. உங்கள் வீட்டுக்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவு.

இப்படிப்பட்ட கையெழுத்துப் பிரதிகளை நிறையப் படித்தவள் நான். எழுதியவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் பேசியவள். இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிய ஒரு தையல்காரரின் மகள். அந்த இரண்டு உரிமையிலும் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. குறையில் தொடங்காதீர்கள், வேலையில் தொடங்குங்கள்.

விடிந்ததும் அந்த வீட்டில் என்னென்ன நடக்கிறது என்று எழுதிப் பாருங்கள். பார்வையில்லாத அம்மா சோறு வடிக்கும் பதத்தை எப்படி அறிகிறாள்? உலை கொதிக்கும் சத்தம் மாறுவது அவளுக்குத் தெரியும். தவழும் பிள்ளை எந்த மூலைக்குப் போகிறது என்று தெரிய, அதன் காலில் சலங்கைக் கொலுசு போட்டிருப்பாள். பத்து ரூபாய்த் தாளை ஒருவிதமாகவும் நூறு ரூபாய்த் தாளை வேறுவிதமாகவும் மடித்து வைத்திருப்பாள். காது கேளாத அம்மா இரவில் பிள்ளையின் உடம்பில் கை படும்படி படுத்துக்கொள்வாள். அழுகை அவளிடம் அசைவாக வந்து சேரும். இதெல்லாம் பரிதாபக் காட்சி இல்லை. வருடக்கணக்கில் பழகி வந்த கைத்திறன். எந்தக் கைத்தொழிலையும் கவனிப்பதுபோல் கவனித்து எழுதுங்கள்.

என் அப்பாவால் மிதிமெஷினில் தைக்க முடியாது. கைமெஷினில் தைத்தார். வலது கை சக்கரத்தைச் சுற்றும், இடது கை துணியைத் தள்ளும். காஜா எடுப்பதும் பித்தான் கட்டுவதும் அம்மாவின் வேலை. ஜாக்கெட்டுக்குக் கை வைப்பதில் அப்பாவை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் இல்லை. பண்டிகை நெருங்கினால் இரவெல்லாம் அந்தச் சக்கரம் சுற்றும் சத்தத்தில்தான் நாங்கள் தூங்குவோம். அவரைப் பற்றி எழுதச் சொன்னால் நான் அந்த மெஷினைத்தான் முதலில் எழுதுவேன். கால் அதற்குரிய இடத்தில் வரும்: கடைக்குப் போகும் வழியில், மழைநாளில், பஸ் படிக்கட்டில்.

2. “இவர்களுக்கு எதற்குப் பிள்ளை?” என்று சொந்தக்காரர்கள் கேட்ட கேள்வியை நீங்களும் கேட்காதீர்கள்.

இந்தக் கேள்வியை வாய்விட்டு எழுதுகிறவர்கள் குறைவு. ஆனால் கதையின் அமைப்பிலேயே அது ஒளிந்திருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், அம்மாவுக்குக் கண் தெரியாததால் வந்ததுபோல் எழுதியிருப்பார்கள். கண் தெரிந்தவர்கள் வீட்டிலும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறது.

இந்தக் கேள்விக்கு நீண்ட கொடுமையான வரலாறு உண்டு. தொழுநோய் வந்தவர்களைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து வைத்தார்கள். இந்து திருமணச் சட்டத்தில் தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாகவே இருந்தது. 2019இல்தான் அதை நீக்கினார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்டது. அதன் 23ஆம் பிரிவு, பெற்றோரின் உடல்குறையைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. உலகம் முழுக்க அப்படிப் பிரித்துக்கொண்டிருந்ததால்தான் அந்த வரியை எழுத வேண்டியிருந்தது.

தமிழில் இதை நேருக்கு நேர் பார்த்த நாவல் ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ (2003). அதில் உடல்குறையுள்ள முத்தம்மை பிள்ளை பெறுகிறாள். அவளைப் பிச்சையெடுக்க வைத்துச் சம்பாதிக்கும் பண்டாரம் அந்தப் பிள்ளையைச் சரக்காகக் கணக்குப் பார்க்கிறார். அதே பண்டாரம் தன் மகள்களிடம் உருகும் அப்பா. யாருடைய பாசத்தைக் குடும்பம் என்று ஏற்கிறோம், யாருடையதை ஏற்பதில்லை என்பதை இரண்டையும் அருகருகே வைத்தே அந்த நாவல் காட்டிவிடுகிறது. அதற்குத் தனியாக விளக்கவுரை தேவைப்படவில்லை.

3. உடல்குறையையும் குடியையும் ஒரே முடிச்சில் கட்டாதீர்கள்.

“கால் போனதிலிருந்து குடிக்க ஆரம்பித்தார்” என்ற வரியை எழுதுமுன் விசாரியுங்கள். கால் போவதற்கு முன்பே குடித்திருக்கலாம். கால் போன பிறகு வேலைக்கு எடுக்கவில்லை, அந்த மாதங்களில் குடி கூடியிருக்கலாம். இரவெல்லாம் வலி, அதற்குச் சரியான வைத்தியம் கிடைக்காமல் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை பழகியிருக்கலாம். இவை ஒவ்வொன்றும் வேறு கதை. ஊனம் வந்தால் மனம் உடையும், மனம் உடைந்தால் குடிப்பான் என்பது சினிமா வசனம். ஊனத்தோடு ஒருநாளும் குடிக்காமல் வாழ்கிறவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். எங்கள் அப்பாவும் அவர்களில் ஒருவர். குடித்தவர் இரண்டு காலும் நன்றாக இருந்த சித்தப்பா.

சில இடங்களில் இரண்டும் உண்மையிலேயே சந்திக்கின்றன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெண்களும் அதில் உண்டு. மெத்தனால் உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும்; அது கண் நரம்பைத் தாக்கும். பிழைத்தவர்களில் பார்வை போனவர்கள் இருந்தார்கள். ஒரே இரவில் ஒரு வீட்டில் குடிக்கிற அப்பாவும் பார்வையில்லாத அப்பாவும் ஒரே ஆளாகிவிடுகிறார். அவரைப் பற்றி “குடியால் பார்வை இழந்தார்” என்று எழுதினால் வாசகர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார். “மெத்தனால் கலந்து விற்றார்கள், அதைக் குடித்தவருக்குப் பார்வை போனது” என்று எழுதிப் பாருங்கள். விற்றது யார், மெத்தனால் எங்கிருந்து வந்தது, இத்தனை நாள் யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். வாக்கியத்தில் செய்தவனை விட்டுவிட்டால், பழி அனுபவித்தவன் தலையில் தானாகவே விழுந்துவிடும்.

4. வெளியே இருப்பதை வீட்டுக்குள் அடைக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் குடிக்கும் அப்பாவைப் பற்றி எழுதுகிறவர் டாஸ்மாக்கை எழுதாமல் விட முடியாது. சேலம் மாவட்டத்தில் 1937இல் மதுவிலக்கு வந்தது, 1948இல் மாகாணம் முழுக்க, 1971இல் தளர்ந்தது, பிறகு மூடுவதும் திறப்பதுமாகப் போனது. 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய அரசு நிறுவனம் 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. 2023–24இல் அதன் வழியாக அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். உங்கள் அப்பா வாங்கிய குவார்ட்டரும் அந்தக் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கை எழுதாமல் அவருடைய மன உறுதியை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் எழுதியிருக்கிறீர்கள்.

வேலையையும் எழுதுங்கள். மலக்குழியில் இறங்குகிறவர்கள் குடிக்காமல் இறங்க முடியாது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். மனிதரை அந்த வேலைக்கு அமர்த்தக் கூடாதென்று 2013இல் சட்டமே வந்தது. அதற்குப் பிறகும் குழிக்குள் ஆட்கள் இறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அப்படி இறங்கியவருடைய மகளோ மகனோ எழுதும்போது, மாலையில் வந்த சாராய வாடையை எழுதினால் காலையில் அவர் இறங்கிய குழியின் வாடையையும் எழுத வேண்டும். அந்தக் குழிக்கு அவர் சாதிதான் அவரை அனுப்பியது என்பதையும் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு “எங்கள் சமூகத்திலேயே குடி அதிகம்” என்று ஒரு வரி போட்டால், குழிக்கு அனுப்பியவர்கள் அந்த வரியை மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டுவார்கள்.

மாற்றுத்திறனாளி அம்மாவைப் பற்றி எழுதுவதிலும் இதே கவனம் வேண்டும். வங்கியில் சாய்தளம் இல்லை, படிக்கட்டு இருக்கிறது. அடையாள அட்டைக்கு முகாம், முகாமுக்குப் பஸ் மாறிப் போக வேண்டும், கூட வருகிறவருக்கு அன்றைய கூலி போகும். கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு அரசு தரும் பராமரிப்புத் தொகை மாதம் 2000 ரூபாய்; கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆளை அதில் வைக்க முடியாது. இவற்றை எழுதிவிட்டால், அம்மா ஏன் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்பதற்குத் தனியாக மனவியல் விளக்கம் எழுத வேண்டிய அவசியம் வராது.

5. ஒரே மலைப்பகுதியைப் பற்றிய இரண்டு புத்தகங்களைப் படியுங்கள்.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதி நிலக்கரிச் சுரங்கங்களின் ஊர். முதுகு ஒடிந்தவர்கள், நுரையீரலில் கரித்தூள் படிந்தவர்கள், வேலைக்குப் போக முடியாத அப்பாக்கள் அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரை சந்தைக்கு வந்தது. எளிதில் அடிமைப்படுத்தாது என்று சொல்லி விற்றார்கள். அதைத் தயாரித்த பர்டூ குழுமத்தைச் சேர்ந்த நிறுவனமும் அதன் உயரதிகாரிகள் மூவரும் 2007இல் அதே மலைப்பகுதியில் உள்ள நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அபராதமும் பிறவும் சேர்த்து 60 கோடி டாலருக்கு மேல். அதற்குள் அந்த ஊர்களில் ஒரு தலைமுறை மாத்திரைக்குப் போய்விட்டிருந்தது.

ஜே.டி. வான்ஸ் 2016இல் ‘ஹில்பில்லி எலிஜி’ என்று தன் குடும்பக் கதையை எழுதினார். பின்னாளில் துணை அதிபரானவர் அவர்தான். போதையில் சிக்கிய தாய், வளர்த்து ஆளாக்கிய பாட்டி. பாட்டியைப் பற்றிய பக்கங்களில் இருக்கும் பாசம் உண்மையானது; அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் தன் வீட்டிலிருந்து அவர் ஒரே தாவாகத் தன் மக்கள் எல்லாரிடமும் போகிறார். இவர்கள் பண்பாடே இப்படித்தான், தம்மைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்கள் என்கிற தொனி வந்துவிடுகிறது. அந்த மலைப்பகுதிக்காரர்களே அதற்குப் பதில் எழுதினார்கள். எலிசபெத் கேட்டின் 2018ஆம் ஆண்டுப் புத்தகம் அவற்றில் ஒன்று.

பார்பரா கிங்ஸால்வரின் ‘டீமன் காப்பர்ஹெட்’ 2022இல் வந்த நாவல். அடுத்த ஆண்டு புலிட்சர் பெற்றது. விர்ஜீனியாவின் லீ மாவட்டத்தில் நடக்கிறது. அதிலும் போதையில் சிக்கிய தாய் உண்டு. பிறகு கதை சொல்லும் பையனே சிக்குகிறான்: விளையாட்டில் முழங்கால் அடிபடுகிறது, மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார், ஊரே அவனை மறுபடி ஆடச் சொல்கிறது. அவன் செய்யும் தவறுகள் எதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. ஆனால் அந்த மாத்திரை எந்த வழியாக அந்த ஊருக்குள் வந்தது என்று வாசகருக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். தன் வீட்டை எழுதுவது எந்தப் பக்கத்தில் தன் சனத்தைக் குற்றம் சாட்டுவதாக மாறுகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள்.

6. பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

பிரிட்டனில் 1990களில் “இளம் பராமரிப்பாளர்கள்” என்று ஒரு பேச்சு பெரிதாக எழுந்தது. மாற்றுத்திறனாளிப் பெற்றோரைப் பார்த்துக்கொள்வதால் பிள்ளைகளின் குழந்தைப் பருவமே பறிபோகிறது என்றார்கள். ஜென்னி மோரிஸ், லோயிஸ் கீத் என்ற இரண்டு எழுத்தாளர்கள் 1995இல் அதை எதிர்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். இருவரும் மாற்றுத்திறனாளிகள், இருவரும் தாய்மார்கள். தாய்க்குக் கிடைக்க வேண்டிய உதவியாளரை அரசு தராததால்தான் பிள்ளை அந்த வேலையைச் செய்கிறது. பிறகு எப்படித் தாயைக் குற்றவாளியாக்குகிறீர்கள் என்பதுதான் அவர்களுடைய வாதத்தின் சாரம். நாம் எழுதும்போதும் இதையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

காது கேளாத அம்மாவுக்காக எட்டு வயது மகள் மருத்துவமனையில் பேசுகிறாள். “பாவம், சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு சுமை” என்று எழுதுவது எளிது. அந்த மருத்துவமனையில் சைகை மொழி தெரிந்த ஒருவர் ஏன் இல்லை என்பதுதான் எழுத வேண்டியது. அந்தச் சிறுமிக்குச் சைகை தாய்மொழி; அதில் அம்மாவோடு அவள் அடிக்கும் அரட்டையும் சண்டையும் வேறு யாருக்கும் கிடைக்காதவை. அதையும் எழுதுங்கள்.

நம்மூரில் தண்ணீர் தூக்காத, தம்பியைத் தூக்காத பிள்ளை எந்த வீட்டில் இருந்தது? ஆகவே வேலை செய்தது என்பதற்காகப் பிள்ளையைத் தியாகியாக்காதீர்கள். “குட்டி அம்மா” பட்டம் கொடுக்காதீர்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாக்கவும் கூடாது. அப்பாவுக்குக் கைத்தடி எடுத்துக் கொடுப்பது வேறு. ராத்திரி பதினொரு மணிக்கு அப்பாவைத் தேடிக் கடைவாசலுக்கு அனுப்பப்படுவது வேறு. இரண்டாவதில் பிள்ளைக்குப் பயம் இருந்தது. அந்தப் பயத்தை அதன் அளவிலேயே எழுதுங்கள்.

1980களில் அமெரிக்காவில் ஷாரன் வெக்ஷைடர் க்ரூஸ் போன்றவர்கள், குடிக்கும் வீட்டுப் பிள்ளைகள் குடும்பத்தில் நான்கு வேடங்களில் ஒன்றை ஏற்கிறார்கள் என்றார்கள்: நாயகன், பலியாடு, தொலைந்த பிள்ளை, கோமாளி. தம் வேதனைக்கு ஒரு பெயர் கிடைத்ததில் பலருக்கு ஆறுதல் கிடைத்தது. சிகிச்சை அறையில் அதற்கு ஏதாவது பயன் இருக்கலாம். கதைக்குள் கொண்டுவந்தால் நான்கு பிள்ளைகளும் பொம்மையாகிவிடுவார்கள்.

7. அடி விழுந்திருந்தால் அடி என்றே எழுதுங்கள்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, “அப்படியானால் எல்லாவற்றையும் மூடி மறைக்க வேண்டுமா?” என்று சிலர் கேட்பார்கள். கூடவே கூடாது. அம்மாவின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போனதை எழுதுங்கள். பள்ளிக் கட்டணம் கடைக்குப் போனதை எழுதுங்கள். கையை ஓங்கியதை, ஓங்கிய கை இறங்கியதை எழுதுங்கள். குடும்ப வன்முறைக்கு எதிராக 2005இல் ஒரு சட்டமே வர வேண்டியிருந்த நாடு இது. குடும்ப மானம் என்ற பெயரில் பெண்களை ஊமையாக்கியவர்கள் பக்கம் எழுத்தாளர் போய் நிற்கக் கூடாது. அப்பா மாற்றுத்திறனாளி என்பதற்காக அவர் அடித்தது லேசாகிவிடாது. சக்கர நாற்காலியில் இருப்பவர் வீட்டை ஆட்டிப் படைக்க முடியாதென்று நினைப்பதும் அவரை முழு மனிதராகப் பார்க்காததுதான்.

நான் கேட்பது செய்கையைத் துல்லியமாக எழுதச் சொல்லித்தான். எந்த நாள், எது நடந்தது, யார் என்ன சொன்னார்கள். “மிருகம்”, “அரக்கன்” என்ற சொற்கள் வந்ததும் துல்லியம் போய்விடுகிறது. அரக்கன் அடிப்பதில் வாசகருக்கு அறிய ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் அதே கை பிள்ளைக்குத் தலை துவட்டிவிட்டதென்றால், அங்கேதான் எழுத நிறைய இருக்கிறது. துவட்டியது அடித்ததற்கு ஈடு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அம்மாவையும் கவனியுங்கள். அப்பா வரும் நேரத்துக்கு முன்பே பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிடுவாள். அரிசிப் பானைக்குள் பணத்தைப் புதைத்திருப்பாள். செருப்புச் சத்தத்திலேயே இன்று எவ்வளவு குடித்திருக்கிறார் என்று அறிந்து, பக்கத்து வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிடுவாள். மறுநாள் முதலாளியிடம் “அவருக்குக் காய்ச்சல்” என்று போய்ச் சொல்லி வேலையைக் காப்பாற்றுவாள். இதைக் குடிக்குத் துணைபோவது என்றும், அவளுக்கே ஒரு மனநோய் என்றும் சொல்லும் வழக்கம் சிகிச்சை உலகத்தில் உண்டு. கூலி போனால் அடுத்த வாரம் அரிசி இல்லை என்ற கணக்கு தெரிந்தவள் அவள். அந்தக் கணக்கோடு சேர்த்து அவளை எழுதுங்கள்.

8. குடிக்காத நாட்களை எழுதுங்கள்.

குடிக்கிறவர் எப்போதும் குடித்துக்கொண்டே இருப்பதில்லை. மாலை போட்ட நாட்கள் இருக்கும். சபரிமலைக்கு மாலை போட்டதும் ஒரு மண்டலம் வீடே மாறிவிடும். விடிகாலைக் குளியல், பிள்ளைகளோடு பூசை, கூலி முழுதாக வீட்டுக்கு வரும். கோயிலில் குடிக்க மாட்டேன் என்று கயிறு கட்டிக்கொண்டு வந்த வாரம் இருக்கும். அந்த நாட்களில் வீட்டில் இருக்கும் மகிழ்ச்சியையும், மாலை கழற்றும் நாளை நினைத்து அம்மாவுக்கு வரும் கலக்கத்தையும் நம்மவர்கள் போதுமான அளவுக்கு எழுதவில்லை. எனக்குத் தெரிந்து இது எழுதப்படாத பெரிய நிலம்.

ஃபிராங்க் மெக்கோர்ட்டின் ‘ஏஞ்சலாஸ் ஆஷஸ்’ (1996) அயர்லாந்தின் லிமெரிக் நகரத்து வறுமையைப் பற்றிய தன்வரலாறு. அதில் பையன் தன் அப்பாவுக்குள் மூன்று பேரைப் பார்க்கிறான்: காலையில் செய்தித்தாளோடு இருப்பவர், இரவில் கதை சொல்பவர், விஸ்கி வாடையோடு வருபவர். மூவரும் ஒரே அப்பா. பணம் குடிக்குப் போனதால் தம்பி தங்கைகள் பட்டினி கிடந்ததை மெக்கோர்ட் கொஞ்சமும் குறைத்து எழுதவில்லை. ஆனால் காலை நேரத்து அப்பாவை அவரிடமிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை.

குடி உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள். நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதற்குப் பிறகு இல்லாததெல்லாம் தெரியும் குழப்ப நிலை வரலாம், உயிரே போகலாம். மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். ஆகவே “பிள்ளையின் கண்ணீரைப் பார்த்தார், அன்றே பாட்டிலை உடைத்தார்” என்று கதை எழுதினால், அதை நம்பி ஒருவரை அறையில் பூட்டிவைக்கும் வீடும் இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடிநோய்க்குச் சிகிச்சை தருவதோடு குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுகிறது. ஒருமுறை மீண்டவர் மறுபடி சறுக்குவதும், மறுபடி வருவதும் அங்கே அன்றாட விஷயம். சறுக்கியதைத் துரோகமாகவே எழுதிப் பழகியிருக்கிறோம்.

9. குடிக்கும் அம்மாவை எழுதும்போது இன்னும் நிதானம் வேண்டும்.

அப்பா குடித்தால் கவலை, அம்மா குடித்தால் கேவலம் என்பது ஊர் வழக்கு. நடவு வேலையிலும் கட்டட வேலையிலும் உடம்பு வலிக்காகக் குடிக்கும் பெண்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம்; அச்சில் அவர்கள் வந்தால் நகைச்சுவைக்கே வருகிறார்கள். 2020இல் புக்கர் பெற்ற டக்ளஸ் ஸ்டூவர்ட்டின் ‘ஷக்கி பெய்ன்’ நாவலில் ஆக்னஸ் என்ற தாய் குடித்து அழிகிறாள். ஆனால் தலைவாரி, மேக்கப் போட்டு, மிடுக்காகத்தான் கதவைத் திறப்பாள். சுற்றிலும் சுரங்கம் மூடி வேலையிழந்த கிளாஸ்கோ. மகன் அவளை வெறுக்கவே இல்லை. மகன் வெறுக்காத ஒருத்தியை வாசகராலும் வெறுக்க முடிவதில்லை.

10. யாருடைய கதை என்று கேளுங்கள்.

உங்கள் வீடு உங்களுடையது மட்டும் இல்லை. உங்கள் தங்கை அதே ஊரில் கல்யாணமாகி இருக்கிறாள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. தெரு, தொழில், கோயில் திருவிழா மூன்றும் சேர்ந்தால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும்.

நிருபராக அடுத்தவர் வீட்டை எழுதுகிறவர்களுக்குச் சட்டமும் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்பதற்குள் சேர்க்கிறது. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுகிறவரின் படத்தையும் விவரத்தையும் அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்தில் வெளியிட அதன் 24ஆம் பிரிவு தடை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுவதாக அரசு எடுத்துக்கொண்ட பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிட 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை. “முகத்தை மங்கலாக்கிவிட்டோம்” என்று சொல்லிக்கொண்டு வீட்டு வாசலைப் படம்பிடித்துப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது மன்னிக்கத் தக்கதில்லை.

சம்மதம் கேட்பதிலும் முறை உண்டு. பார்வையில்லாதவரிடம் முழுக் கட்டுரையையும் வாசித்துக் காட்டுங்கள், சுருக்கத்தை இல்லை. காது கேளாதவரிடம் அவர் பிள்ளையை வைத்துக் கேட்காதீர்கள். சைகை மொழி தெரிந்த வெளியாள் ஒருவரை அழைத்து வாருங்கள். போதையில் இருக்கும்போது வாங்கிய சம்மதம் சம்மதம் ஆகாது. மறுநாள் காலையில் மறுபடி போய்க் கேளுங்கள்.

11. அச்சுக்குக் கொடுக்குமுன் இரண்டு பேரிடம் காட்டுங்கள்.

ஒருவர், பிள்ளை வளர்க்கும் மாற்றுத்திறனாளி. இன்னொருவர், குடியிலிருந்து மீண்டு வருகிறவர், அல்லது அப்படிப்பட்ட ஒருவரோடு வாழ்ந்தவர். நட்புக்காகச் செய்யச் சொல்லாதீர்கள். பிழை திருத்துகிறவருக்குக் கூலி கொடுப்பதுபோல் இவர்களுக்கும் கொடுங்கள். “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். “எந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிடலாம் என்று தோன்றியது?” என்று கேளுங்கள். “நாங்கள் இப்படிப் பேச மாட்டோமே என்று எங்கே நினைத்தீர்கள்?” என்று கேளுங்கள். அவர்கள் காட்டும் வரி பெரும்பாலும் நீங்கள் மிக ரசித்து எழுதிய வரியாக இருக்கும். அதை அவர்கள் எதிரிலேயே அடித்துவிட்டு, அந்த இடத்தில் உண்மையில் என்ன நடக்கும் என்று கேட்டு, அவர்கள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ளுங்கள்.